கடலடி நில அதிர்வுமானி: கருவி திரும்பி வந்தும் தரவு கெடுவது எதனால்?

ஓராண்டு ஆழ்கடல் தரையில் கிடந்து நில அதிர்வுகளைப் பதிவுசெய்த கடலடி நில அதிர்வுமானி (ஓ.பி.எஸ்.) பத்திரமாக மேலே வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. கரையிலுள்ள நிலையத்துக்கு எப்போதும் தெரிந்திருக்கும் மூன்று விஷயங்கள் இதற்குத் தெரியாது: மணி என்ன, தான் எங்கே கிடக்கிறது, வடக்கு எந்தப் பக்கம். இவற்றை நாம் அளந்து சேர்க்காவிட்டால், பதிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நிலநடுக்கம் வேறொரு இடத்தில் போய் உட்காரும்.

மிக அதிகமான தவறுகள் நேரத்தில்தான் நடக்கின்றன. ஜி.பி.எஸ். சமிக்ஞை தண்ணீருக்குள் இறங்காது. அதனால் கருவியின் படிகக் கடிகாரத்தை இறக்குமுன் ஒருமுறை, மீட்டபின் ஒருமுறை ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒப்பிட்டு, விலகலை இடைப்பட்ட நாட்களுக்குப் பகிர்ந்து திருத்துகிறோம். நாளுக்கு 1 மில்லிநொடி விலகினாலே ஓராண்டில் 0.365 நொடி ஆகிவிடும். நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்துசேரும், நொடிக்கு 6 கி.மீ. செல்லும் பி அலைக்கு அது 2 கி.மீ.க்கு மேற்பட்ட பிழை. ஆனாலும் கருவி கப்பல் தளத்துக்கு வந்த அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறார்கள். இரண்டாவது ஒப்பீட்டுக்கு அதன்பின் வழியே இல்லை. கூட்டைத் திறப்பதற்கும் தரவை நகலெடுப்பதற்கும் முன்பே ஒப்பீட்டை முடித்துவிடுங்கள். மீட்புக் கப்பல் சில மாதங்கள் தாமதமாகலாம் என்று வைத்தே பேட்டரியைக் கணக்கிடுங்கள். நடுவில் தீர்ந்தாலும் இதே இழப்புதான். பக்கத்து நிலையங்களின் பின்னணி அதிர்வுகளை நாள்தோறும் ஒப்பிட்டு விலகலை ஓரளவு மீட்கலாம் என்றாலும், நேரடி ஒப்பீட்டின் துல்லியம் அதில் கிடைக்காது.

நேரத்தில் இன்னொரு கண்ணி லீப் நொடி, அதாவது பூமியின் சுழற்சியோடு பொருந்த உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் கூடுதல் நொடி. 2016 டிசம்பர் 31 முடிவில் ஒரு நொடி சேர்க்கப்பட்டது. அப்போது கடலடியில் இருந்த கருவிகளில் அது விலகல்போலவே தெரியும். அதையும் ஆண்டு முழுக்கப் பகிர்ந்துவிட்டால் எல்லா நாட்களின் நேரமும் கெடும். பழைய தரவைக் கையில் எடுப்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டதா என்பதையும் கோப்பிலேயே எழுதி வையுங்கள். இருமுறை திருத்தினால், திருத்தாத தரவில் இருந்த அதே அளவு பிழை எதிர்ப்பக்கம் வந்துவிடும்.

அடுத்தது இடம். கருவியைப் போட்ட புள்ளியையே அதன் இடமாகப் பதியக் கூடாது. நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில் 4000 மீட்டர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் நீரோட்டம் அதைச் சில நூறு மீட்டர் தள்ளிவிடலாம். கப்பலிலிருந்து ஒலி அனுப்பி, பதில் வரும் நேரத்தைக் கொண்டு தூரம் அளக்க வேண்டும். ஒரே நேர்கோட்டில் போய்க்கொண்டே அளந்தால் கருவி கோட்டுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று கணக்கு சொல்லாது. ஆழத்துக்குச் சமமான ஆரத்தில் அதைச் சுற்றி வந்து அளப்பதே முறை.

திசைக்கு வருவோம். கருவி விழுந்த வாக்கில் கிடக்கும். ஆகவே கிடைமட்டப் பதிவுகளுக்கு வடக்கு, கிழக்கு என்று பெயரிடாமல் 1, 2 என்றே எண்ணிடுங்கள். தொலைவில் நடந்த பெரிய, ஆழம் குறைந்த நிலநடுக்கங்களிலிருந்து நிலப்பரப்பை ஒட்டி வரும் ரேலே அலைகளைக் கொண்டு திசையைக் கண்டுபிடிக்கலாம். ஒரு நிலநடுக்கம் போதாது; பலவற்றின் சராசரி வேண்டும். அதுவும் கோணச் சராசரி. 359 பாகையையும் 1 பாகையையும் சாதாரணமாகக் கூட்டி வகுத்தால் 180 வரும். கருவி நேர் எதிராகத் திரும்பிவிடும்.

பகுப்பாய்வில் பலர் சறுக்குவது, பி அலைக்குப் பின்னால் மெதுவாக வரும் எஸ் அலையில். கடலடியின் மென்வண்டலில் எஸ் அலை நொடிக்கு 200 மீட்டர்தான் போகும் என்றால், 200 மீட்டர் வண்டலைத் தாண்ட அதற்கு 1 நொடி. பி அலைக்கு 0.13 நொடிகூட ஆகாது. இந்தத் தாமதத்தைக் கழிக்காவிட்டால் நிலநடுக்கம் உண்மையைவிட ஆழத்தில், தொலைவில் விழும். இரண்டு அலைகளுக்கும் ஒரே திருத்தத்தைப் போடுவதும் தவறுதான்.

கருவியில் தளர்ந்து தொங்கும் கயிறு நீரோட்டத்தில் அதிரும். சில ஹெர்ட்ஸில் நீளும் அந்த நடுக்கத்தை எரிமலை நடுக்கம் என்று எழுதிவிட இடமுண்டு. கடல் ஏற்றவற்றத்தின் தாளத்தில் அது கூடிக் குறைகிறதா என்று பாருங்கள். கூடிக் குறைந்தால் முதல் சந்தேகம் கயிற்றின் மேல்தான். இறக்குமுன் எல்லாக் கயிற்றையும் இறுகக் கட்டிவிடுங்கள்.

கருவி மேலே எழுவதற்காக, அதைத் தரையில் பிடித்துவைத்திருக்கும் நங்கூர எடையைக் கழற்றும் பொறியைக் கப்பலில் மட்டும் சோதித்துவிட்டு நம்பாதீர்கள். கப்பலின் கம்பியில் கட்டி 1000 மீட்டருக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து பதில் தருகிறதா, கழற்றுகிறதா என்று பார்த்த பிறகே பொருத்துங்கள். மீட்கும்போது கட்டளைக்குப் பதில் வந்தால் மட்டும் போதாது. தூரத்தை அளந்துகொண்டே இருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால்தான் கருவி எழுகிறது. கிழக்குப் பசிபிக் கடலடி மலைத்தொடரில் 2006 ஏப்ரலில் 12 கருவிகளில் 4 மட்டுமே மேலே வந்தன. வேறு சில பதில் தந்தும் அசையவில்லை. எரிமலைக் குழம்பு அவற்றைப் பிடித்துவைத்திருந்தது. பொறி பழுது என்று முடிவு கட்டிப் போய்விடாமல் அடிநீரை ஆராய்ந்ததால்தான், அங்கே புதிதாக எரிமலை வெடித்திருப்பது உறுதியானது.