டிரம்மரைக் கேட்டுவிட்டு ஆம்ப் வாங்குங்கள்

கிளப்பில் கிடார் வாசிக்கச் சின்ன டியூப் ஆம்ப், அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பெட்டி, எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் டிரம்மர் எப்படி அடிப்பார்? கேட்டவருக்குச் சப்பென்று போய்விடும். எத்தனை வாட், எந்த கம்பெனி, எந்த டியூப் என்று பேசலாம் என்று வந்திருப்பார். அதெல்லாம் பேசலாம்தான், ஆனால் அப்புறம். மைக் வைக்காத ஒரு சின்ன மேடையில் மொத்த பேண்டின் சத்தத்தையும் தீர்மானிப்பது ஸ்னேர் டிரம், டிரம் செட்டில் பட்டென்று வெடிக்கும் அந்தச் சின்ன டிரம். அந்த அளவை உங்கள் ஆம்ப் எட்டியாக வேண்டும், எட்டும்போது உங்களுக்குப் பிடித்த ஒலியிலும் இருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு முறை 5 வாட் ஆம்ப் ஒன்றைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன், ஒற்றை 6வி6 பவர் டியூப் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்ட டியூப்), 8 அங்குல ஸ்பீக்கர். வீட்டில் அதன் வால்யூமை நாலில் வைத்தாலே பக்கத்து வீட்டில் கதவைச் சாத்துவார்கள். அன்றைக்குக் கிடாருக்கென்று மைக் எதுவும் இல்லை. டிரம்மர் நாலு எண்ணி ஸ்னேரில் ஒரு தட்டு தட்டினான், அதோடு நான் காணாமல் போனேன். வால்யூமைப் பத்துக்குத் திருப்பினேன். இரண்டாவது பாட்டு முடிந்ததும் அவன் குனிந்து, "டேய், உன் ஆம்ப் ஆன்ல இருக்கா?" என்றான். ஆனில்தான் இருந்தது. டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்காக 100 வாட் வாங்கி விடாதீர்கள். வாட்டும் சத்தமும் ஒன்றாக ஏறுவதில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால், சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், 3 டெசிபல்தான் கூடும், அது காது கொடுத்துக் கேட்டால் தெரிகிற வித்தியாசம், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது 10 மடங்கு வாட். அப்படியென்றால் 50 வாட் ஆம்ப், 5 வாட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம் மட்டுமே. 15 வாட்டுக்கும் 22 வாட்டுக்கும் இடையே 2 டெசிபல்கூட இல்லை. பிறகு எதற்கு வாட் என்றால், கிளீன் ஒலி, அதாவது உடையாத தெளிவான ஒலி, எதுவரை தாங்கும் என்பதற்கு. டியூப் ஆம்ப் ஒரு கட்டத்துக்கு மேல் சத்தத்தைக் கூட்டாது, உடைந்து கரகரக்கத் தொடங்கும். அந்தக் கட்டம் உங்கள் ஸ்னேருக்கு மேலே வருகிறதா கீழே வருகிறதா என்பதுதான் கேள்வி.

கிளீனாக வாசிப்பவர், அல்லது டிஸ்டார்ஷன் என்ற அந்தக் கரகரப்பு முழுவதையும் காலால் அமுக்கும் பெடலில் இருந்தே எடுப்பவர் என்றால் உங்களுக்கு 20 வாட்டுக்கு மேலே இடம் வேண்டும். ஆம்ப்பே லேசாகக் கரகரக்கட்டும், கிடாரின் வால்யூமைக் குறைத்தால் தெளியட்டும் என்று வாசிப்பவருக்கு 12 முதல் 18 வாட் போதும், சில சமயம் அதுவே அதிகம். டிரம்மர் குச்சிக்குப் பதில் பிரஷ் வைத்து வாசிக்கிறவர் என்றால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிடும். இன்னொன்று, ஹம்பக்கர் பிக்கப் (நாண் அதிர்வைப் பிடிக்கும் இரட்டைச் சுருள்) உள்ள கிடார், ஆம்ப்பின் முன்பகுதியை, அதாவது கிடார் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியை, சீக்கிரம் உடைக்கும், ஒற்றைச் சுருள் பிக்கப் கொஞ்சம் பொறுக்கும். அதனால் நண்பருடைய ஆம்ப் அவர் கையில் கிளீனாக இருந்தது என்று நம்பி வாங்கக் கூடாது.

இந்த அளவில் நாலைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட், இரண்டு 6வி6, 12 அங்குல ஸ்பீக்கர், சுமார் 19 கிலோ. பெடல் போடுகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுதான். நடுத்தர ஒலிக்குத் தனிக் குமிழ் கிடையாது, இயல்பாகவே நடுப்பகுதி கொஞ்சம் குழிந்துதான் இருக்கும், அதனால் தனியாக வாசிக்கும்போது பளபளவென்று கேட்டது பேண்டுக்குள் சற்றுப் பின்வாங்கும். அதன் தம்பி பிரின்ஸ்டன் ரிவெர்ப், 12 முதல் 15 வாட்டுக்குள், 10 அங்குல ஸ்பீக்கர். அமைதியான பேண்டுக்கும், மைக் வைத்துத் தருகிற இடத்துக்கும் கச்சிதம். வாக்ஸ் ஏசி15 வேறு ஜாதி: 1958இல் வந்த வடிவம், இரண்டு இஎல்84 பவர் டியூப், நடுப்பகுதி முன்னால் துருத்திக்கொண்டு வரும், சீக்கிரம் உடையும், உடைந்தாலும் நாணின் ஓசை மறையாது. ஆனால் பெயரில் 15 என்று இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், இப்போதைய ஏசி15 காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) 22 கிலோ வரை வரும். ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் 15 வாட், அதே இஎல்84 ஜோடி, 14 கிலோவை ஒட்டித்தான். கொஞ்சம் பெட்டிக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கும் என்பது என் கருத்து, ஆனாலும் பஸ்ஸில் கொண்டு போகிறவனுக்கு அந்தக் குறை பெரிதில்லை.

இஎல்84 என்றால் இப்படி, 6வி6 என்றால் அப்படி என்று பேசுவதில் பாதி மூடநம்பிக்கை. டியூப் ஒரு பங்கு, சர்க்கியூட், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் மீதிப் பங்கு.

அதிலும் ஸ்பீக்கரை யாரும் கவனிப்பதே இல்லை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உணர்திறன் என்று ஒரு எண் உண்டு, 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்று. 97 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால் 15 வாட் ஆம்ப் 30 வாட் ஆம்ப் போலச் சத்தம் போடும், ஒரு கிலோகூடத் தூக்காமல். செலஸ்டியன் வின்டேஜ் 30 அந்த 100 டெசிபல் வகை. மாறாக, வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆம்ப் என்றால் உணர்திறன் குறைந்ததைத் தேடலாம். மாற்றும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரின் ஓம் அளவு (மின்தடை) ஆம்ப் கேட்பதோடு பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் தாங்கும் வாட் ஆம்ப்பின் வாட்டைப் போல இரண்டு மடங்காவது இருப்பது நல்லது, ஏனென்றால் 15 வாட் என்று போட்டிருப்பது கிளீனாக வரும் அளவு, முழுசாகத் திருகிவிட்டால் டியூப் ஆம்ப் அதைத் தாண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்ப்பில் வாசிக்கவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

சரி, கடையில் எப்படிச் சோதிப்பது? உங்கள் கிடாரையும் நீங்கள் எப்போதும் போடும் ஒன்றிரண்டு பெடலையும் கொண்டு போங்கள். கடையில் கொடுக்கிற கிடாரில் வாசித்தால் அந்தக் கிடாரைத்தான் சோதித்ததாக ஆகும். வால்யூமை இரண்டில் வைத்து வாசித்து முடிவு செய்யாதீர்கள், சத்தம் குறைவாக வாசித்தால் எல்லா ஆம்ப்பும் நல்ல பிள்ளைதான். ஐந்துக்கும் ஆறுக்கும் கொண்டு போங்கள், கடைக்காரர் முகம் மாறும், மாறட்டும். ஆம்ப்பின் எதிரே மூன்று மீட்டர் தள்ளி நின்று, தாழ்ந்த இ நாணில் தொடங்கும் ஒரு முழு கார்டை ஓங்கி அடியுங்கள். அடித்தவுடன் சத்தம் ஒரு கணம் அமுங்கி அப்புறம் பொங்கி வருகிறதா, அடிப்பகுதி சேறு மாதிரி குழைகிறதா என்று பாருங்கள். அந்த அமுக்கம் சிலருக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் கீழ்ஸ்தாயி குழைந்தால் பேஸ் கிடாரோடு சேரும்போது எதுவும் புரியாது. பேஸ் குமிழைக் குறைத்தால் சரியாகிறதா என்று பாருங்கள். ஆகிறதென்றால் கவலை இல்லை, மேடையில் எப்படியும் அதை வீட்டில் வைப்பதைவிடக் குறைத்துத்தான் வைக்கப் போகிறீர்கள்.

பிறகு கிடாரின் வால்யூமை ஆறுக்கு இறக்கிப் பாருங்கள். நல்ல ஆம்ப் தெளியும். மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூமைக் குறைத்து முன்பகுதியை மட்டும் திருகும்போது வரும் டிஸ்டார்ஷனும், பவர் டியூப் உழைக்கும்போது வருவதும் ஒன்றல்ல, முன்னது கொஞ்சம் ஈ மொய்க்கிற மாதிரி இருக்கும். பவரைப் பாதியாக்கும் சுவிட்ச் இருந்தால் சந்தோஷப்படலாம், ஆனால் மேலே சொன்ன கணக்கு நினைவிருக்கட்டும்: பாதி வாட் என்றால் 3 டெசிபல்தான் குறையும்.

கைமாறிய ஆம்ப் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். ஆனில் வைத்து, முன்பகுதியில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 டியூப்களை ஒரு பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டுங்கள். லேசாக டொக்கென்று கேட்டால் பரவாயில்லை, மணி அடித்த மாதிரி நீண்டு ஒலித்தாலோ ஊளையிட்டாலோ அந்த டியூப் மேடைக்கு ஆகாது. நல்லவேளை, அது மாற்றிவிடக் கூடியது. பவர் டியூபுக்குள் இருக்கும் உலோகத் தகடு சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள். உயர்ந்த ஸ்வரம் ஒன்றை நீட்டி வாசிக்கும்போது அதன் அடியில் சுருதி சேராத இன்னொரு ஸ்வரம் முனகினால், உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் முடிந்துவிட்டன என்று சந்தேகப்படலாம், பழைய ஆம்ப்பில் அதற்கும் சேர்த்து விலை பேசுங்கள். திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். எர்த் பின் இல்லாத பழைய வயர் என்றால், ஆம்ப் தெரிந்த டெக்னீஷியனிடம் மூன்று பின் வயராக மாற்றாமல் வாசிக்காதீர்கள், உதடு மைக்கில் பட்டு ஷாக் அடித்தவுடன் தெரியும் ஏன் என்று. பவர் டியூப் மாற்றினால் ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்புக்கு பயாஸ், அதாவது சும்மா இருக்கும்போது டியூபில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு, சரிபார்க்க வேண்டியிருக்கும், அதைத் தானே சரிசெய்துகொள்ளும் கேத்தோட் பயாஸில் பெரும்பாலும் அந்த வேலை இல்லை.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஒன்று, ஆம்ப்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு கடையின் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். இன்னொரு கையில் கிடார் இருக்கும், முதுகில் பெடல் பை இருக்கும். இரவு ஒரு மணிக்கு, வியர்த்த சட்டையோடு இதையேதான் செய்யப் போகிறீர்கள்.

மேடையில் அதைத் தரையில் வைத்து அதன் முன்னாலேயே நிற்காதீர்கள். கிடார் ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். உங்கள் முழங்காலுக்கு அற்புதமாகக் கேட்கும், காதுக்கு மந்தமாகக் கேட்கும், நீங்கள் டிரெபிளைக் கூட்டுவீர்கள், முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்துவார். ஒரு நாற்காலியில் ஏற்றுங்கள், அல்லது பின்னால் சாய்த்து உங்கள் காதைப் பார்க்க வையுங்கள். சவுண்ட் பார்ப்பவர் மைக் வைக்க வந்தால் ஸ்பீக்கர் கூம்பின் நடுவில் வைக்க விடாமல் கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். பையில் ஒரு ஜோடி பவர் டியூப், ஒரு 12ஏஎக்ஸ்7, ஆம்ப்பின் பின்னால் எழுதியிருக்கும் அதே ஆம்பியரில் அதே வகை ஃபியூஸ் இரண்டு. ஃபியூஸ் போய்விட்டதென்று பெரிய ஆம்பியர் ஃபியூஸைச் செருகிச் சமாளித்த ஒருவரைத் தெரியும். அந்த நிகழ்ச்சியை முடித்துவிட்டார், டிரான்ஸ்ஃபார்மரையும்.