கேமிங் மவுஸ் பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி? ஒரு ஸ்கேலும் பெயின்ட்டும் போதும்

கடலூர் லாரன்ஸ் ரோட்டுக் கடை எதிலாவது போய் "கேமிங் மவுஸ் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் காதில் விழுவது டிபிஐதான். "இது பன்னிரண்டாயிரம், அது இருபத்தாறாயிரம்." விலை ஏற ஏற எண்ணும் ஏறும். அந்த எண் எதற்கு என்று கேட்டால், "அதிகமா இருந்தா நல்லதுதானே தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆன்லைனில் போட்டாலும், பாண்டிச்சேரி போனாலும், சென்னை ரிச்சி தெருவுக்கே போனாலும் இதே கதைதான்.

அக்கா மகனுக்கு மவுஸ் பார்க்க உட்கார்ந்தபோது ஒவ்வொரு எண்ணையும் மேசையிலேயே அளந்து பார்த்தோம். அதன் குறிப்புதான் இது. சாஃப்ட்வேர் போடுவது, மவுஸைச் செருகுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. 15 செ.மீ ஸ்கேல், செல்லோடேப், விண்டோஸோடு வரும் பெயின்ட், இரண்டு பழைய சிடி. இவ்வளவு போதும்.

1. முதலில் விண்டோஸை வழிக்குக் கொண்டுவாருங்கள்

மவுஸ் செட்டிங்கில் 'என்ஹான்ஸ் பாயின்டர் ப்ரிசிஷன்' என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து நல்லது என்று நினைக்க வேண்டாம், அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் வேகமாக நகர்த்தும்போது பாயின்டர் கூடுதல் தூரம் போகும், மெதுவாக நகர்த்தினால் குறைவாகப் போகும். கை ஒரே 5 செ.மீ போனாலும் திரையில் தினுசு தினுசாக வரும். பிறகு எதை அளந்தும் பயனில்லை.

பாயின்டர் வேகத்தை நடுவில் வையுங்கள். பழைய கன்ட்ரோல் பேனலில் 11 கோடுகளில் 6-வது கோடு, விண்டோஸ் 11-ல் 20-க்கு 10. அப்போதுதான் மவுஸ் அனுப்பும் ஒரு எண்ணிக்கைக்குப் பாயின்டர் ஒரு பிக்ஸல் நகரும்.

2. டிபிஐ

மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அது கம்ப்யூட்டருக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதுதான் டிபிஐ. சிலர் சிபிஐ என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே. 800 டிபிஐயில் 1920 பிக்ஸல் அகலத் திரையைக் கடக்க 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 செ.மீ வேண்டும். கடைக்காரர் சொன்ன 26,000-ஐ நிஜமாகவே வைத்தால் 2 மில்லிமீட்டர்கூட வேண்டாம், பாயின்டர் அந்தக் கோடிக்குப் போய்விடும். மூச்சு விட்டாலே திரை ஆடும். அந்த எண்ணில் யாரும் விளையாடுவதில்லை.

பெட்டியில் போட்ட டிபிஐ நிஜமா என்று சோதிக்கலாம். மவுஸை 800-ல் வையுங்கள். டிஸ்ப்ளே ஸ்கேலிங் 100%, பெயின்ட் ஜூம் 100%, வரையும் பரப்பு 1800 பிக்ஸல் அகலம். ஸ்கேலை மவுஸ் பேட் மேல் டேப் போட்டு ஒட்டுங்கள். மவுஸின் இடது ஓரத்தை ஸ்கேலின் 0-வில் நிறுத்தி, பாயின்டரைப் பரப்பின் இடது கோடியில் வைத்து, பெயின்ட்டின் கீழ்ப் பட்டையில் தெரியும் முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மவுஸை ஸ்கேல் ஓரமாகவே 5 செ.மீ தள்ளி எண்ணை மறுபடி பாருங்கள். வித்தியாசம் 1575 பக்கத்தில் வர வேண்டும். கொஞ்சம் முன்பின் இருப்பது நல்ல மவுஸிலும் சகஜம், விட்டுவிடலாம். பாதிதான் வருகிறது, அல்லது ஒரே தூரத்துக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வருகிறது என்றால் அந்தப் பெட்டியில் எழுதியிருக்கும் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம். மலிவு மவுஸ்களில், அடியில் இருந்து அசைவைப் பிடிக்கும் சென்சார் நிஜமாகப் பிடிப்பது ஒன்று, அதைப் பெருக்கிப் பெட்டியில் போடுவது இன்னொன்று.

3. ஒரு சுற்றுக்கு எத்தனை செ.மீ?

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான எண் இதுதான். பெட்டியில் இது இருக்கவே இருக்காது. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மவுஸில் டிபிஐ, கேமுக்குள் சென்சிட்டிவிட்டி (மவுஸ் அசைவைக் கேம் எவ்வளவு பெருக்கிக்கொள்கிறது என்ற எண்). இரண்டும் சேர்ந்துதான் வேகம். இரண்டையும் பெருக்கினால் வருவதை இ-டிபிஐ என்கிறார்கள். 800 டிபிஐ, 0.4 சென்சிட்டிவிட்டி: 320. 3200 டிபிஐ, 0.1 சென்சிட்டிவிட்டி: அதுவும் 320. கைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இ-டிபிஐயை ஒரே கேமுக்குள் மட்டும்தான் ஒப்பிடலாம். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற இரண்டு துப்பாக்கிச் சண்டை கேம்களை எடுத்தால், அதில் 320-ம் இதில் 320-ம் ஒன்றல்ல. காரணம், சென்சிட்டிவிட்டி 1-ல் ஒரு எண்ணிக்கைக்கு வாலரன்ட் 0.07 டிகிரி திரும்பும், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வெறும் 0.022 டிகிரி. வாலரன்ட் எண்ணை 3.18-ஆல் பெருக்கினால் கவுன்டர் ஸ்ட்ரைக் எண் கிடைக்கும். 0.4 அங்கே 1.27.

எந்தக் கேமுக்கும் பொதுவான அளவு வேண்டுமென்றால் ஸ்கேலுக்குத்தான் வர வேண்டும். கேமில் உங்கள் ஆள் ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி, சுற்ற மவுஸை எத்தனை செ.மீ நகர்த்த வேண்டும்? கணக்கு இது: 360-ஐ டிபிஐ, சென்சிட்டிவிட்டி, அந்தக் கேமின் டிகிரி எண் மூன்றின் பெருக்கலால் வகுங்கள். வருவது அங்குலம். 2.54-ஆல் பெருக்கினால் செ.மீ.

அக்கா மகன் வைத்திருந்தது 3200 டிபிஐ, வாலரன்ட்டில் 0.4. கணக்குப் போட்டால் ஒரு முழுச் சுற்றுக்கு 10 செ.மீ. ப்ராக்டிஸ் ரேஞ்சில் ஒரு சுவர் மூலையில் குறி வைத்து, ஸ்கேல் ஓரமாக நகர்த்திப் பார்த்தோம். 10 செ.மீ தாண்டியதும் அதே மூலை மறுபடி நடுவில் வந்து நின்றது. அதாவது கை ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் குறி மூன்றரை டிகிரி தள்ளிப்போகும். தூரத்தில் நிற்கும் எதிரியின் தலை ஒரு டிகிரிகூட இருக்காது. "மாமா, சென்சார் சரியில்ல, வேற மவுஸ் வாங்கணும்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்ததற்கு விடை அந்த ஸ்கேலில் இருந்தது.

800-க்கு இறக்கினோம். சுற்றுக்கு 41 செ.மீ ஆனது. குறி நிலைத்தது, ஆனால் உடனே இன்னொரு வம்பு. அவன் மவுஸ் பேட் 22 செ.மீ அகலம், ஆபீஸில் கொடுப்பது போன்ற சின்னது. நடுவில் மவுஸை வைத்தால் ஒரு பக்கத்துக்கு 11 செ.மீதான். 97 டிகிரி திரும்புவதற்குள் மவுஸ் பேடை விட்டு இறங்கிப் பளபள சன்மைக்காவில் ஓட ஆரம்பித்தது. பின்னால் ஆள் வந்தால் திரும்பவே வழியில்லை. ஆகவே சென்சிட்டிவிட்டியைத் தீர்மானிப்பது கடைசியில் உங்கள் பேடின் அகலம்தான். நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே இழுப்பில் 180 டிகிரி வர வேண்டும். 45 செ.மீ அகலத் துணிப் பேட் ஒன்று போட்டதும் வேலை முடிந்தது. மவுஸ் பழையதேதான். பணம் குறைவாக இருந்தால் முதலில் பேட் வாங்குங்கள், மவுஸ் அப்புறம்.

4. சென்சார்

பெட்டியில் சென்சார் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் போடாமல் 'ஹை ப்ரிசிஷன் கேமிங் சென்சார்' என்று மட்டும் இருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன். பெரும்பாலான கம்பெனிகளுக்குச் சென்சார் தருவது தைவானின் பிக்ஸ்ஆர்ட். அதன் 3360-க்கு 12,000 டிபிஐ, 250 ஐபிஎஸ். 3395-க்கு 26,000 டிபிஐ, 650 ஐபிஎஸ். லாஜிடெக் பல மவுஸ்களில் தன் ஹீரோ சென்சாரைப் போடுகிறது.

ஐபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை அங்குல வேகம் வரை சென்சார் தடம் தவறாமல் பிடிக்கும் என்பது. 250 என்றால் விநாடிக்கு 6 மீட்டருக்கு மேல், நம் கைக்கு அது தாராளம். மலிவு மவுஸில் 60 இருந்தால் விநாடிக்கு ஒன்றரை மீட்டர்தான். அவசரத்தில் வீசித் திருப்பினால் அது தாண்டிவிடும், குறி வானத்தையோ தரையையோ பார்த்து நிற்கும். கூடவே இருக்கும் 'ஜி' எண் முடுக்கத்துக்கானது. ஐபிஎஸ் நன்றாக இருந்தால் அதுவும் நன்றாகவே இருக்கும், தனியாகப் பார்க்க வேண்டாம்.

மவுஸைத் தூக்கும்போது எந்த உயரத்தில் சென்சார் வேலையை நிறுத்துகிறது என்பதும் ஒரு எண், 1 அல்லது 2 மி.மீ என்று போடுவார்கள். குறைவாக இருந்தால் நல்லது, மவுஸைத் தூக்கி நகர்த்தி வைக்கும்போது குறி அலையாது. சோதிக்க சிடி. அதன் தடிமன் 1.2 மி.மீ. மவுஸின் ஒரு ஓரத்தைச் சிடி மேலும், எதிர் ஓரத்தை இன்னொரு சிடி மேலும் ஏற்றி, நடுவில் சென்சாருக்குக் கீழே பேட் தெரியும்படி வைத்து அசையுங்கள். பாயின்டர் நகரவில்லை என்றால் அருமை.

5. போலிங் ரேட்

மவுஸ் விநாடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்கிறது என்பதுதான் இது. 1000 ஹெர்ட்ஸ் போதும். சாதா மவுஸ் 125 ஹெர்ட்ஸ், அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை செய்தி சொல்லும். 1000 என்றால் 1 மில்லி விநாடி. 8000 என்றால் 0.125. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் அது ஒரு படத்துக்கு எடுப்பதே 16.7 மில்லி விநாடி. மேலும் 8000 வைத்தால் பழைய பிராசஸர் திணறும், வயர்லெஸ்ஸில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

6. கிளிக், உப்புக்காத்து

2 கோடி கிளிக், 7 கோடி கிளிக் என்று போட்டிருப்பார்கள். அது சோதனைக்கூடக் கணக்கு. கடற்கரையோரம் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு இருந்தால் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். சாதாரண ஸ்விட்சுக்குள் இருப்பது மெல்லிய உலோகத் தகடு. அதன் முனை தேய்ந்தாலோ களிம்பு பிடித்தாலோ ஒரு அமுக்கு இரண்டாகப் பதிவாகும். ஃபைலை இழுத்துப் போகும்போது நடுவில் நழுவி விழுகிறதா? அதுதான் ஆரம்ப அறிகுறி. சாஃப்ட்வேரில் டீபவுன்ஸ் நேரம் (ஒரு அமுக்குக்குப் பின் அடுத்ததை எண்ணாமல் விடும் இடைவெளி) மாற்ற வழி இருந்தால் கொஞ்சம் கூட்டிச் சமாளிக்கலாம்.

ஆப்டிகல் ஸ்விட்சில் ஒளிக்கற்றையை மறிப்பதுதான் கிளிக். உலோகம் உலோகத்தைத் தொட்டுச் செய்தி சொல்லும் வேலையே இல்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், கூடக் கொஞ்சம் செலவானாலும் சரி. அதேபோல் பக்கத்தில் ரப்பர் பூச்சு இருக்கும் மவுஸ் வேண்டாம். வியர்வையில் நாளடைவில் பிசுபிசுக்கும். வெறும் பிளாஸ்டிக்கே மேல்.

7. எடை, அளவு

மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை கையை அளந்துகொள்ளுங்கள். 17 செ.மீக்குக் கீழே என்றால் சின்ன மவுஸ். லாஜிடெக் ஜி102 11.7 செ.மீ நீளம், 85 கிராம், பள்ளிப் பிள்ளைகள் கைக்குச் சரியாக உட்காரும். 19-க்கு மேல் என்றால், உள்ளங்கை முழுக்கப் படிய வைத்துப் பிடிப்பவர்களுக்கு ரேஸர் டெத்ஆடர் மாதிரி 12.7 செ.மீ வகை. லாஜிடெக்கின் வயர்லெஸ் ஜி304 பேட்டரியோடு 99 கிராம். லித்தியம் ஏஏ பேட்டரி போட்டால் ஏழெட்டு கிராம் குறையும். 60 கிராமுக்குக் கீழே வேண்டுமென்றால் விலை சட்டென்று மேலே போகும். முதல் மவுஸுக்கு அது தேவையில்லை.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

*என்ஹான்ஸ் பாயின்டரை அணைத்தும் கேமில் வித்தியாசமே இல்லையே* என்று கேட்டிருந்தார்கள். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டும் மவுஸின் எண்ணிக்கையை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன, விண்டோஸ் குறுக்கே வராது. டெஸ்க்டாப்பிலும் பெயின்ட் சோதனையிலும்தான் தெரியும். இன்னும் பழைய கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடுபவர்கள் ரா இன்புட்டை (எண்ணிக்கையை இப்படி நேரடியாக எடுக்கும் வசதியை) ஆன் செய்யாவிட்டால் அங்கேயும் அது தலையிடும்.

*கண்ணாடி மேசையில் பாயின்டர் குதிக்கிறது.* மவுஸ் மேல் குற்றமில்லை. சாதாரண சென்சாருக்குத் தெளிந்த கண்ணாடியில் பிடிக்க எதுவும் கிடைக்காது. துணிப் பேட் போடுங்கள்.

*நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர்:* வயர்லெஸ் மவுஸ் நன்றாக ஓடுகிறது, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் மட்டும் விட்டு விட்டு நகர்கிறது. இது சென்சார் விஷயமே இல்லை. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறது. மவுஸ் டாங்கிளும் (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) அதே 2.4-ல்தான் பேசுகிறது. டாங்கிளை ஹார்ட் டிஸ்க் பக்கத்திலிருந்து எடுத்து, பெட்டியோடு வந்த நீட்டிப்பு வயரில் மாட்டி, மவுஸ் பேட் ஓரமாகக் கொண்டுவந்து வையுங்கள். வயர் வரவில்லை என்றால் சாதா யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் போதும். ப்ளூடூத்துக்கு மாற்றிப் பார்க்கிறேன் என்று போகாதீர்கள். அதுவும் 2.4-தான், போலிங் ரேட்டும் பெரும்பாலும் 125 பக்கத்துக்கே இறங்கிவிடும். வயரை நீட்டியதும் சரியாகிவிட்டது என்று மறுநாள் எழுதியிருந்தார்.