சிங்கப்பூரில் அட்வென்ச்சர் பைக் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம், கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அட்வென்ச்சர் பைக் (தார் ரோட்டிலும் மண் பாதையிலும் தூரப் பயணம் போகும் வகை) பார்க்க என்னையும் கூட்டிப் போனார். குதிரைத்திறன் எவ்வளவு, திரையில் மேப் தெரியுமா என்று அரை மணி நேரம் கடைக்காரரைக் கேட்டார். உதிரிபாகம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல வருஷம் முன்னால் நானும் அதே கேள்விகளோடுதான் கடைக்குப் போனேன். ஹெல்மெட், ஆயில் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

லைசென்ஸைப் பார்க்காமல் ஆசைப்படுவது

சிங்கப்பூரில் 200 சிசி வரை வகுப்பு 2பி லைசென்ஸ், 400 வரை 2ஏ, அதற்கு மேல் வகுப்பு 2. சென்னையில் தயாராகிறது என்பதாலேயே ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மீது நம் ஆட்களுக்குத் தனிப் பாசம். பழைய மாடல் 411 சிசி, புதியது 452. இரண்டுக்குமே 2ஏ போதாது. ஊர்ப் பாசம்தான் காரணம் என்றால், ஓசூரில் தயாரான பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் 313 சிசிதான், 2ஏ-யிலேயே ஓட்டலாம்.

பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்காமல் வாங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் வாங்கியது ஒற்றை சிலிண்டர் ஐரோப்பிய பைக். எடை குறைவு, மண் பாதையில் அருமையாகப் போகும். மலேசியாவில் கேமரன் மலையிலிருந்து தாப்பா ஊருக்கு இறங்கும் பாதையில், ஒரு வளைவு தாண்டியதும் எஞ்சின் இருமி நின்றது. சாவியைத் திருப்பினால் வழக்கமாக டேங்க் அடியில் கேட்கும் அந்த ‘ஙிய்ய்’ சத்தம் வரவில்லை. பெட்ரோல் பம்ப் போய்விட்டது.

லாரியில் ஏற்றித் தாப்பா கொண்டுபோனேன். பட்டறை அங்கிள் பம்பைக் கழற்றிப் பழைய பேப்பர் மேல் வைத்தார். தன்னிடம் இருந்த நாலைந்து பம்புகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதன் வாயும் பொருந்தவில்லை. “ஹோண்டாவா இருந்தா ஈப்போவுக்கு ஆள் அனுப்பி சாயங்காலமே போட்டுடலாம் தம்பி. இதுக்கு நான் எங்க போவேன்?” என்றார்.

பம்ப் ஐரோப்பாவிலிருந்து வர ஐந்து வாரம் ஆனது. லாரி வாடகை, இரண்டு தடவை பஸ் பயணம், வீணாய்ப் போன லீவு எல்லாம் சேர்த்தால் பம்பின் விலை ஒன்றுமே இல்லை. பைக் கெட்ட பைக் இல்லை. அது ஓடுகிற ஊரில் அதற்குப் பாகம் இல்லை, அவ்வளவுதான்.

நாம் சிங்கப்பூரில் பைக் வாங்கினாலும் ஓட்டுவது மலேசியாவிலும் தென் தாய்லாந்திலும்தான். அதனால் வாங்கும் முன் ஐந்து பாகங்களை எழுதிக்கொள்ளுங்கள்: பெட்ரோல் பம்ப், கிளட்ச் கேபிள், ரெகுலேட்டர், சக்கர பேரிங், பிரேக் லீவர். ஈப்போ, கோத்தா பாரு, ஹாட்யாய் கடைகளுக்குப் போன் போட்டு ஒவ்வொன்றும் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். மூன்று ஊரிலும் “ஆர்டர் போடணும்” என்றால் அந்த பைக் வேண்டாம். ஹோண்டா சிபி500எக்ஸ்-ஐ நான் சிபாரிசு செய்வது இதற்காகத்தான். தாய்லாந்தில் தயாரான வண்டி, 2023 வரை இந்தப் பெயரில் வந்தது. அதே 471 சிசி எஞ்சின் சிபி500எஃப்-இலும் சிபிஆர்500ஆர்-இலும் இருக்கிறது. மண் பாதைக்கும் போவீர்கள் என்றால் 2019 அல்லது அதற்குப் பிந்தைய மாடலாகப் பாருங்கள், முன் சக்கரம் 19 அங்குலம். அதற்கு முன் 17தான்.

சிஓஇ மிச்சத்தைப் பார்க்காமல் ‘சல்லிசு’ என்பது

சிஓஇ என்பது சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ். அதில் இரண்டு வருஷம் மட்டும் மிச்சமிருக்கும் பைக் விலை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அது முடிந்ததும் புதுப்பிக்கும் செலவு சின்னதில்லை: 2022-இல் பைக் சிஓஇ பத்தாயிரம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தால், அதன் பிறகு மறுபடி புதுப்பிக்க முடியாது. விலையை மிச்ச மாதங்களால் வகுத்துப் பாருங்கள்.

அகலப் பெட்டிகள்

பைக்கின் இரண்டு பக்கமும் மாட்டும் அகலப் பெட்டி ஆசையா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலேசிய எல்லையில் உட்லண்ட்ஸ் பைக் தடத்தில் எவ்வளவு நெருக்கம் என்று ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

சீட் உயரம்

காலிப் பைக்கில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. டேங்க் நிறைய பெட்ரோல், பின்னால் மூட்டை, மழையில் நனைந்த செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சரிவு. அந்தச் சரிவில் ஒரு காலையாவது முழுப் பாதமாக ஊன்ற முடிய வேண்டும். தம்பி பார்த்த வண்டியில் அவருக்குக் கால் விரல் நுனிதான் எட்டியது. அடுத்த சனிக்கிழமை வேறு கடைக்குப் போகிறோம், ஐந்து பாகங்களின் பட்டியலோடு.