கார் டாஷ்போர்டில் சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் எங்கே தொடங்குவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் பழைய சாகா, கஞ்சில் கார்களில் இந்த விளக்கை அடிக்கடி பார்க்கிறேன். எரிந்ததும் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "பட்டறை வரைக்கும்தானே" என்று என் சித்தப்பா இரண்டு கட்டை (மைல்) தூரம் ஓட்டினார். பேரிங் போய், எஞ்சினையே மாற்ற வேண்டியதாயிற்று.

பத்து நிமிடம் பொறுத்து, சமதரையில் டிப்ஸ்டிக்கை, அதாவது எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை, இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். மின்யாக் ஈத்தாம் (எஞ்சின் எண்ணெய்) கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் ஊற்றிவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். வளைவிலும் பிரேக் போடும்போதும் மட்டும் விளக்கு மினுக்கினாலும் பெரும்பாலும் அளவுக் குறைவுதான். முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் எண்ணெய் நீர்த்துவிட்டது. தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினை இயக்கவே வேண்டாம்.

அளவு சரியா? அடுத்து பிரஷர் சுவிட்ச்; எண்ணெய் அழுத்தம் குறைந்தால் விளக்கை எரிய வைப்பது இதுதான். அதன் வயரைக் கழற்றிவிட்டுச் சாவியை மட்டும் திருப்புங்கள். இந்தப் பழைய கார்களில் விளக்கு அப்போதும் எரிந்தால், வயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் படுகிறது. எரியவில்லை என்றால் வயர் நன்றாக இருக்கிறது. ஆனால் கோளாறு சுவிட்சிலா, அழுத்தத்திலா என்பது இன்னும் தெரியாது. இங்கேதான் பலர் ஊகித்து ஆயில் பம்ப் வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அளக்காமல் வாங்காதீர்கள்.

சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் மரை பொருந்தும் பிரஷர் மீட்டரை மாட்டுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே படியுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் கூடுதலாகக் காட்டும். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) என்பது பட்டறைக்காரர்களின் தோராயக் கணக்கு. சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

மீட்டர் சரியாகக் காட்டினால் சுவிட்சை மாற்றினால் போதும். மிக அதிகமாகக் காட்டினால் எண்ணெய் தேவைக்கு மேல் கெட்டியானது, அல்லது கூடுதல் அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு மூடியபடி சிக்கியிருக்கிறது.

குறைவாக இருந்தால், காரை ஸ்டாண்டில் ஏற்றிக் கீழே பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். தோட்டச் சாலையில் கல் அடித்துச் சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) உள்வாங்கியிருந்தால், அது எண்ணெய் உறிஞ்சும் வடிகட்டியின் வாயை அடைத்துவிடும். நம் ஊரில் நான் முதலில் தேடுவது இதைத்தான். அப்புறம் வடிகட்டியில் சேறு, திறந்தபடி சிக்கிய ரிலீஃப் வால்வு, தேய்ந்த பம்ப். கீழிருந்து 'டொக் டொக்' என்று தட்டும் சத்தமும் சேர்ந்தால் பேரிங் தேய்ந்திருக்கும்.

சம்ப்பைத் திரும்ப மாட்டும்போது சிலிக்கானை மெல்லிய கோடாக மட்டும் தடவுங்கள். உள்ளே பிதுங்கியது பிய்ந்து விழுந்தால், கழுவிய வடிகட்டியையே மறுபடி அடைக்கும்.