முதல் பத்து நாள் நுரையில்: கோவளத்தில் சர்ஃபிங் தொடங்குவது எப்படி

காலை ஆறு மணிக்குக் கோவளம் கடலோரத்தில் நின்றால் இரண்டு வகை அலைகள் தெரியும். தூரத்தில், உடையாமல், பச்சையாக எழுந்து வருகிறது ஒன்று. உடைந்து வெள்ளை நுரையாகக் கரைக்கு உருண்டு வருகிறது இன்னொன்று. புதிதாக வருகிறவர்களின் கண் முதல் அலை மேலேயே இருக்கும். நான் இரண்டாவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முதல் பத்து நாள் இடுப்பளவு நீரை விட்டு வெளியே போகாதீர்கள். நுரையில் ஒரு மணி நேரத்துக்கு முப்பது முறை பலகை மேல் எழுந்து நின்று பார்க்கலாம். வெளியே போனால் மூன்று நான்கு அலை கிடைத்தாலே அதிகம், மீதி நேரமெல்லாம் கை வலிக்கத் துழாவுவதிலேயே போய்விடும்.

எங்கே, எப்போது

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் கோவளம். மீனவரான மூர்த்தி மேகவன் 2012இல் இங்கே சர்ஃபிங் பள்ளி தொடங்கினார். இன்று சொல்லித்தருகிறவர்களில் பலர் ஊர்ப் பிள்ளைகள்தான். இன்னும் தெற்கே மாமல்லபுரம். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்தது அங்கேதான். இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதும் அதே கரையில்தான். இலங்கை போகிறவர்களுக்குப் பொத்துவில் பக்கம் அறுகம்பே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே அலைக் காலம். புதியவர்கள் 'பேபி பாயிண்ட்' என்ற இடத்தைக் கேட்டுப் போங்கள்.

மெரினாவும் பெசன்ட் நகரும் வேண்டாம். கரையை விட்டுச் சில அடி போனாலே சட்டென்று ஆழமாகும், இழுப்பும் பலமாக இருக்கும்.

மாதம் என்று பார்த்தால், பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். மே மாதத்துக்குப் பிறகு தெற்கே வெகுதூரத்தில், அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் அடிக்கும் புயல்களின் அலை இங்கே வந்து சேரும். தேர்ந்தவர்கள் காத்திருப்பது அதற்குத்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். அப்போது தொடங்க வேண்டாம். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருக்கும் நாளில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வீட்டிலேயே இருங்கள். காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் ஏறுவதால்தான் அதற்கு அந்தப் பெயர்.

நேரம், விடிகாலை. தரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசுவதால் அலை ஒழுங்காக, வழவழப்பாக வரும். முற்பகல் தாண்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால் எல்லாம் கலைந்துவிடும்.

பலகையும் உடுப்பும்

மேலே மென்மையான ஃபோம் போர்த்திய, எட்டு அல்லது ஒன்பது அடிப் பலகையைக் கேளுங்கள். சின்ன, கூர்மூக்குப் பலகை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் படுத்திருப்பதே கஷ்டம். உடனே விலை கொடுத்து வாங்க வேண்டாம், பள்ளிகளிலேயே வாடகைக்குக் கிடைக்கும். முதல் மூன்று வகுப்பாவது பயிற்சியாளரோடு இறங்குங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. நீச்சலும் தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது மீட்டர் நீந்தவும், கால் எட்டாத இடத்தில் சில நிமிடம் மிதக்கவும் முடியாதவர்கள் முதலில் நீச்சல் குளத்துக்குப் போங்கள்.

பருத்திச் சட்டை நனைந்தால் கனக்கும். உடலை ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். வெயிலும் தாக்காது, பலகை உரசி நெஞ்சும் முட்டியும் தோலுரியாது.

இறங்கும் முன் இருபது நிமிடம்

மணலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். அலை தொடர்ந்து ஒரே அளவில் வருவதில்லை. சிறியவையாகச் சில வரும், பிறகு நான்கைந்து பெரியவை கூட்டமாக வரும், மறுபடி ஓயும். அந்த இடைவெளியை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இழுப்பு எங்கே என்று தேடுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கலங்கலாகவோ கறுத்தோ அமைதியாக இருக்கும். அலை கொண்டுவந்து குவித்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. குளிக்க வருகிறவர்கள் அமைதியான இடம் என்று நினைத்து நேராக அங்கேதான் இறங்குகிறார்கள். வருஷா வருஷம் நம் கரைகளில் உயிர் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சந்தேகமாக இருந்தால் வலை பிரிக்கும் யாரிடமாவது, "அண்ணா, இன்னிக்கு இழுப்பு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். கையை நீட்டியே காட்டிவிடுவார்கள்.

மூன்றாவதாக, கரையில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தென்னையோ, ஒரு கட்டடமோ. கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் கோடையில் உங்களைச் சத்தமில்லாமல் வடக்கே தள்ளும், வாடைக் காலத்தில் தெற்கே. சென்னைத் துறைமுகச் சுவர் எழும்பிய பிறகு இதே நீரோட்டம் கொண்டுவந்த மணல் தெற்கே தேங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமானது. அதைத் துழாவி வெல்ல முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள், அடையாளம் விலகியிருந்தால் கரையேறி நடந்து திரும்புங்கள்.

மணலில் எழுந்து பழகுதல்

முன்னால் எந்தக் கால் என்று முதலில் தெரிய வேண்டும். நண்பரை விட்டுப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொல்லுங்கள், தன்னால் முன்னே வருகிற கால்தான் முன்கால். இடதானால் 'ரெகுலர்', வலதானால் 'கூஃபி'. இரண்டில் எதுவும் மட்டமில்லை. பலகையை உங்களோடு இணைக்கும் கால்கயிற்றைப் பின்காலில் கட்ட வேண்டும்.

மணலில் பலகையின் வடிவத்தைக் கோடாக வரைந்து அதன் நடுக்கோட்டில் குப்புறப் படுங்கள். உள்ளங்கைகளை விலா எலும்புக்கு அருகே தட்டையாக ஊன்றுங்கள், விளிம்பைப் பிடிக்காதீர்கள். கையால் தள்ளி நெஞ்சை உயர்த்தி, பின்காலைக் குறுக்காக வைத்து, முன்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவாருங்கள். முட்டி மடங்கியிருக்கட்டும், பார்வை கரையில் இருக்கட்டும். காலைப் பார்த்தால் காலடியிலேயே விழுவீர்கள்.

முட்டி போட்டு எழுவது சுலபமாகத் தோன்றும். அதைப் பழகிவிட்டால் பிறகு மறக்க மாதக்கணக்காகும். மணலில் இருபது முறை சரியாக வந்த பிறகு இறங்குங்கள்.

நுரைக்குள்

நடந்தே போங்கள், இடுப்பளவு போதும். பலகையின் மூக்கு எப்போதும் அலையை நேராகப் பார்க்க வேண்டும், நீங்கள் அதன் பக்கவாட்டில். உங்களுக்கும் அலைக்கும் நடுவே பலகை குறுக்காகக் கிடந்தால், சின்ன நுரைகூட அதைத் தூக்கி உங்கள் முகத்தில் அடிக்கும்.

முதல் நாள் முழுக்கப் படுத்தே சவாரி செய்யுங்கள். நுரை நான்கைந்து மீட்டர் தொலைவில் வரும்போது பலகையைக் கரைப் பக்கம் திருப்பிப் படுத்து, இரண்டு கையாலும் ஆழமாக நாலு துழாவல். மூக்கு நீரில் குத்தினால் மிக முன்னால் படுத்திருக்கிறீர்கள். அலை உங்களை விட்டுவிட்டுப் போனால் மிகப் பின்னால். மூக்கு நீருக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நிற்கும் இடம்தான் உங்கள் இடம். கண்டுபிடித்ததும் தாடைக்கு நேரே பலகையில் என்ன எழுத்து இருக்கிறதென்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எழுதல். அலை தள்ளத் தொடங்கியதும் துள்ளி எழுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பலகை நுரையோடு சேர்ந்து ஓடட்டும். "ஒண்ணு, ரெண்டு" என்று மனசுக்குள் சொல்லி, அந்த ஓட்டம் நிலைத்த பிறகு கையை ஊன்றுங்கள். ஓடுகிற சைக்கிள் சாயாததைப் போலத்தான், ஓடுகிற பலகையும் நிலையாக நிற்கும்.

விழுதல்

விழுவதற்கும் ஒரு முறை உண்டு. பக்கவாட்டிலோ பின்னாலோ, மெத்தையில் சாய்கிற மாதிரி தட்டையாக விழுங்கள். தலைகீழாகப் பாயவே கூடாது. இடுப்பளவு நீரில் அடிமணல் கல்லாக இருக்கும், கழுத்து தாங்காது. நீருக்கு மேலே வரும்போது இரு கைகளாலும் தலையைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். இழுபட்ட கயிறு பலகையைத் திருப்பி உங்கள் மேலேயே ஏவும். என் இடது புருவத்தில் மூன்று தையல் இருப்பது அந்த ஒரே ஒரு முறை கை வைக்காததால்.

இழுப்பில் மாட்டிக்கொண்டால் பலகையை மட்டும் விடாதீர்கள், அது உங்களை மிதக்க வைக்கும். கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக, அலை உடைகிற பக்கம் துழாவுங்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் நுரையே உங்களைக் கரைக்குக் கொண்டுவரும். களைத்துவிட்டால் படுத்தபடி ஒரு கையை உயர்த்தி அசைத்துக் காட்டுங்கள்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் மணலால் தேய்க்காமல் கடல்நீரிலேயே கழுவுங்கள். மூச்சுத் திணறினாலோ உடம்பு தடித்தாலோ உடனே மருத்துவமனை.

கரை யாருடையது

கடற்கரை பொது இடம்தான். ஆனால் கோவளத்தில் நாம் மீனவர்களின் வேலையிடத்துக்குள் நடந்து போகிறோம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், ஃபைபர் படகுகள் அப்போதும் அலையைக் கடந்து வந்துபோகும். படகு வருவது தெரிந்தால் ஓரமாக விலகி வழி விடுங்கள். உங்களுக்காக அந்த அலையில் அவர்களால் திரும்ப முடியாது. கரைவலை இழுக்கிறார்கள் என்றால் கயிற்றுக்கு நடுவே இறங்கக் கூடாது. காயும் வலை மேலும் கருவாட்டின் அருகிலும் பலகையை வைக்காதீர்கள்.

நீருக்குள்ளும் ஒரு முறை இருக்கிறது. அலை உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் அந்த அலை. இன்னொருவர் ஏறிவிட்ட அலையில் குறுக்கே ஏறாதீர்கள். பெரிய நுரை வருகிறதே என்று பலகையை வீசிவிட்டு மூழ்காதீர்கள், பின்னால் குழந்தை குளித்துக்கொண்டிருக்கலாம்.

பச்சை அலைக்கு எப்போது

பத்து நுரை அலையில் எட்டில் எழுந்து, முட்டி படாமல், மணல் தட்டும் வரை நின்று வர வேண்டும். எழுந்தபின் உடம்பைச் சாய்த்து வலது பக்கமாகக் கொஞ்சம் திருப்பவும் வர வேண்டும். கோவளத்துப் பாயிண்டில் அலை தெற்கிலிருந்து வடக்காக உடைந்துபோகும், கரையைப் பார்த்து நிற்பவருக்கு அது வலப்பக்கம். இவ்வளவும் வந்துவிட்டால் ஒரு சின்ன அலை நாளில், பயிற்சியாளரைக் கூட அழைத்துக்கொண்டு, அலை ஓய்ந்த இடைவெளியில் வெளியே துழாவுங்கள்.