'நான்'ங்கிற நினைப்பே இல்லாத ஆளை கதையில எழுதுறது எப்படி

1976ல ஜூலியன் ஜேன்ஸ்ங்கிற அமெரிக்க உளவியலாளர் ஒரு தியரி சொன்னாரு, சுமார் 3000 வருஷம் முன்னாடி வரைக்கும் மூளையோட வலது பக்கம் உத்தரவு போடும், இடது பக்கம் அதை சாமி குரலா கேட்டு அப்படியே செய்யும், 'நான்'ங்கிற நினைப்பே கிடையாதுன்னு. நிறைய பேர் ஏத்துக்கல, ஆனா கதை எழுதுறவங்களுக்கு இது புதையல்ங்க, 'வெஸ்ட்வேர்ல்ட்' டிவி சீரிஸ்ல ரோபோக்களுக்கு சுயநினைவு வர்றதே இதை வச்சுதான்.

மொதல்ல பழைய கிரேக்க காவியமான இலியட்டோட ஆரம்பத்தைப் படிங்க. அக்கிலீஸ்ங்கிற வீரன் வாளை உருவுறப்ப பெண் தெய்வம் அதீனா பின்னாடி வந்து முடியைப் புடிச்சு இழுக்குறா, அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுறா.

அடுத்து உங்க டிராஃப்ட்ல 'யோசிச்சான்', 'தயங்கினான்', 'முடிவு பண்ணான்' எல்லாத்தையும் அடிச்சிட்டு அங்கெல்லாம் ஒரு குரலை வைங்க. கொஞ்ச தூரம் போனதும் அந்தக் குரலை நிறுத்திடுங்க, அவன் தவிக்கிறதை அவசரப்படாம எழுதுங்க.