என்சைம்ல கிரிஸ்டல் வளக்குறது எப்படி? மொத தடவ ட்ரை பண்றவங்களுக்கு

என்சைமோட வடிவத்த எக்ஸ்ரே வெச்சு பாக்கணும்னா மொதல்ல அதை கிரிஸ்டல் ஆக்கணும். கிருஷ்ணகிரி பக்கம் பயோடெக் படிக்கிற பசங்க அடிக்கடி கேக்குறது, ஜூஸ் தெளியறதுக்குப் போடுவாங்களே பெக்டினேஸ், அதுல ஒரு பாட்டில் வாங்கி அப்படியே கிரிஸ்டல் ஆக்கலாமான்னு. வேண்டாங்க. அது அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சை விட்ட பல என்சைம் ஒண்ணா கலந்து கெடக்குற சரக்கு, போதாததுக்கு புரோட்டீன் மேலயே சர்க்கரை வேற ஒட்டியிருக்கும், வரிசையா அடுக்கி நிக்காது. புரோட்டினேஸ் கே வாங்குங்க, அதுவும் பூஞ்சை என்சைம்தான், சுத்தமான பவுடரா கெடைக்கும், சரியா அமைஞ்சா மறுநாளே கிரிஸ்டல் தெரியும்.

25 மில்லிமோலார் ட்ரிஸ் பஃபர்ல (பிஹெச் மாறாம பாத்துக்கற கரைசல்), ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் கணக்குல ஐஸ் மேல வெச்சு கரைங்க. இது புரோட்டீன வெட்டுற என்சைம், விட்டா தன்னையே தின்னுரும், அதனால கரைச்ச அன்னிக்கே முடிச்சிடணும். 13,000 ஆர்பிஎம்ல 10 நிமிஷம் சுத்தி, மேல இருக்கற தெளிவை மட்டும் எடுத்துக்குங்க.

இப்ப 24 குழி பிளேட். இடமிருந்து வலமா அம்மோனியம் சல்ஃபேட் 0.8 மோலார்ல இருந்து 1.8 வரைக்கும் 0.2 0.2ஆ ஏத்துங்க, மேல இருந்து கீழ பிஹெச் 7, 7.5, 8, 8.5. உதாரணத்துக்கு 1.2 மோலார் குழிக்கு 3 மோலார் அம்மோனியம் சல்ஃபேட் கரைசல் 200 மைக்ரோலிட்டர், 1 மோலார் ட்ரிஸ் 50, தண்ணி 250. குழி விளிம்புல வேக்கம் க்ரீஸ் தடவி வைங்க. சிலிக்கோன் பூசின கவர்ஸ்லிப்ல (மெல்லிசு கண்ணாடித் துண்டு) என்சைம் 1 மைக்ரோலிட்டர், குழியில இருந்து எடுத்தது 1 மைக்ரோலிட்டர் விட்டு, பபுள் வராம, சட்டுனு குழி மேல கவுத்து அமுக்கிடுங்க.

உள்ள நடக்கறது இதுதான்: சொட்டுல உப்பு குழியில இருக்கறதுல பாதிதான், அதனால சொட்டுல இருக்கற தண்ணி மெதுவா ஆவியா குழிக்குப் போகும், சொட்டு சுருங்கும், என்சைம் கரைஞ்சிருக்க முடியாம ஒண்ணோட ஒண்ணு சேரும். இது மெதுவா நடக்கணும், அவசரப்பட்டா கிரிஸ்டல் வராது, பழுப்பு வண்டல்தான் வரும்.

தருமபுரி வெயில்ல, அதுவும் கரண்ட் போயி ஏசி நின்னா, சூடு ஏறி எறங்கும், அது ஆகாது. பிளேட்ட தெர்மோகோல் பெட்டிக்குள்ள வெச்சு ஓரமா வெச்சிடுங்க, மணிக்கொரு தடவ எடுத்து ஆட்டிப் பாக்காதீங்க (பாக்கத்தான் தோணும்).

மறுநாள் மைக்ராஸ்கோப்ல எல்லா சொட்டும் வண்டலா இருந்தா என்சைம பாதியா குறைங்க, எல்லாமே தெளிவா இருந்தா உப்ப ஏத்துங்க, பொடிப்பொடி கிரிஸ்டலா மழை மாதிரி கொட்டியிருந்தா, அந்தக் குழிக்கும் தெளிவா இருக்கற குழிக்கும் நடுவுல உள்ள அளவுல பாருங்க. பளிச்சுனு ஏதாவது தெரிஞ்சா உடனே குதிக்காதீங்க, ஒரு மெல்லிசு ஊசியால லேசா தொட்டுப் பாருங்க, கடக்குனு உடைஞ்சா உப்பு, மெத்துனு நொறுங்கினா நம்ம ஆளு, ஏன்னா புரோட்டீன் கிரிஸ்டல்ல ஏறக்குறைய பாதி தண்ணிதான்.

0.1 மில்லிமீட்டர் இருந்தாலே போதும். 20–25 சதவீதம் கிளிசரால் கலந்த அதே கரைசல்ல ஒரு முக்கு முக்கி, லூப்ல (நுனியில சின்ன வளையம் இருக்கற கம்பி) எடுத்து லிக்விட் நைட்ரஜன்ல போடணும், இல்லேன்னா உள்ள இருக்கற தண்ணி ஐஸ் ஆகி கிரிஸ்டலையே கெடுத்துரும். எக்ஸ்ரே மெஷின் நம்ம ஊர் காலேஜ்ல கெடைக்கறது கஷ்டம், இந்தூர்ல இண்டஸ்-2ங்கற சிங்க்ரோட்ரான்ல (பலமான எக்ஸ்ரே கொடுக்கற பெரிய மெஷின்) புரோட்டீனுக்குன்னே ஒரு பீம்லைன், அதாவது எக்ஸ்ரே வர்ற தனி வழி, இருக்கு, கைடு மூலமா அப்ளை பண்ணுங்க. மொத எக்ஸ்ரே படத்துல புள்ளிங்க நெருக்கமா, நடுவுலேயே ஆரம்பிச்சு நெறைய இருந்தா புரோட்டீன், தூரம் தூரமா நாலஞ்சு மட்டும் இருந்தா உப்பு, திரும்ப பிளேட் போடுங்க.